உப்புக்காற்று ஊரில் எக்ஸ்பிஎஸ்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

எக்ஸ்பிஎஸ் என்பது ஒரு பொருளின் மேல் எக்ஸ் கதிரை அடித்து, வெளிவரும் எலக்ட்ரான்களை வைத்து அதன் மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கருவி. மண்டபம் கரையில் மூன்று மாதம் கிடந்த தகடு ஒன்று அந்தக் கருவிக்குள் போய் வந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “அண்ணே, கருவியில் ஏதோ கோளாறு.” நான் கேட்பதும் ஒரே கேள்விதான். “தகட்டை எதில் வைத்துக் கொண்டுபோனாய், தம்பி?”

ஒன்பது ஆண்டுகள் ஒரு கருவியைப் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது உச்சிப்புளியில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து மாதிரிகளை வெட்டி, கழுவி, ஒட்டி வெளியூர்க் கருவிகளுக்கு அனுப்புகிறேன். திரும்பி வரும் நிறமாலைகளையும் படித்துச் சொல்கிறேன். கருவி உண்மையிலேயே கெட்டுப்போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதிரி கெட்டுப்போன நாட்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் மாதிரி, அடுத்து அதை ஒட்டிய விதம், அடுத்து அளவீட்டு அமைப்பு, கடைசியில்தான் கருவி என்ற வரிசையில் போகிறேன். செலவும் அதே வரிசையில்தான் ஏறும். கழுவ ஐந்து நிமிடம் போதும். ஆனோடு (கருவிக்குள் எக்ஸ் கதிரை உண்டாக்கும் உலோக முனை) மாற்ற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கருவி பார்ப்பது மேற்பரப்பிலிருந்து 5 முதல் 10 நானோமீட்டர் ஆழம் வரைதான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தனுஷ்கோடிக் காற்றில் ஓர் இரவு கிடந்தாலே அந்த ஆழத்தைப் பங்குபோட்டுக்கொள்ள உப்பு வந்துவிடும். வெளிவரும் எலக்ட்ரான்களை ஆற்றல் வாரியாக எண்ணி வரைந்த கோடுதான் நிறமாலை. அதில் முகடு எந்த எண்ணில் நிற்கிறது என்பதுதான் தனிமத்தின் அடையாளம். அந்த எலக்ட்ரானை அணு பிடித்து வைத்திருந்த வலுவே பிணைப்பு ஆற்றல்; 1எஸ், 2பி, 3டி என்பவை அது அணுவில் இருந்த மட்டத்தின் பெயர்கள். தத்துவம் இதற்கு மேல் வேண்டாம். கீழே முகடுகளுக்கு வரும் எண்கள் எல்லாம் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட அலுமினிய எக்ஸ் கதிருக்கான பிணைப்பு ஆற்றல்கள். ‘எலக்ட்ரான் வோல்ட்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதப்போவதில்லை; முகட்டைப் பற்றிப் பேசும்போது ‘வோல்ட்’ என்றால் அதுதான்.

தொடங்கும் முன்: ஒரு சாட்சித் துண்டு

மாதிரிகள் போகும் அதே பெட்டியில், கரையில் வைக்கப்படாத சுத்தமான தங்கம் பூசிய துண்டு ஒன்றையும் அனுப்புங்கள். இதை நான் சாட்சி என்று சொல்வேன். வழியில் ஏறிய அழுக்கு எது, கடல் கொடுத்தது எது என்று பிரித்துச் சொல்ல இதைவிட மலிவான வழி இல்லை. சிலர் சிலிக்கான் துண்டை வைப்பார்கள். வைக்காதீர்கள். பின்னால் சிலிகோன் அழுக்கைத் தேடும்போது அந்தத் துண்டே குழப்பும்.

கருவியைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால் சுத்தமான வெள்ளித் தாள் ஒன்றும், ஒரு நோட்டும் வேண்டும். மாதம் ஒரு முறை வெள்ளித் தாளை ஆர்கான் அயனியால் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரே அமைப்பில் வெள்ளி 3டி முகட்டின் எண்ணிக்கையையும் அகலத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். கணினியில் இருக்கிறதே என்று சொல்வார்கள். கணினி கெடும் நாளில்தான் அந்த எண் தேவைப்படும்.

## அறிகுறி: எதை அளந்தாலும் சோடியமும் குளோரினும் வருகின்றன

சோடியம் 1எஸ் 1072 அருகிலும் குளோரின் 2பி 199 அருகிலும் நிற்கும். நம் கரையில் அதிகம் வரும் புகார் இதுதான்.

சாட்சித் துண்டிலும் இருக்கிறதா? இருந்தால் உப்பு வழியில் ஏறியது. சன்னல் ஓரத்தில் பையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனதிலிருந்து, வெறும் கையால் தகட்டின் நடுவைத் தொட்டது வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம். வியர்வையும் உப்புத்தான். கையுறை, இடுக்கி, மூடி இறுகும் கண்ணாடிக் குப்பி, டெசிகேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய பாத்திரம்) நிறம் மாறாத சிலிக்கா ஜெல் ஆகிய நான்கும் இருந்தால் இந்தக் கிளை முடிந்துவிடும். சமையல் அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். தாளை உருட்டும்போது பூசிய எண்ணெய் அதில் இருக்கும்.

சாட்சி சுத்தம், மாதிரியில் மட்டும் இருக்கிறது. அப்படியானால் அது கடலின் கையெழுத்து. இனி கேள்வி, உப்பு மேலே உட்கார்ந்திருக்கிறதா, அரிப்புப் பொருளோடு சேர்ந்து கட்டுண்டு இருக்கிறதா என்பது. தகட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அயனி நீக்கிய நீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி இரண்டையும் அளங்கள். இரண்டு தனிமங்களும் ஒன்றாகக் குறைந்தால் அது வெறும் உப்புத் தூசி. சோடியம் போய்க் குளோரின் நின்றுவிட்டால் விஷயம் வேறு: துத்தநாகத்தின் மேல் உருவாகும் ஹைட்ராக்சி குளோரைடோ, இரும்புத் துருவில் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அகாகனைட்டோ இருக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே பல மாதிரிகள் கரைக்கு வருகின்றன. அதைக் கழுவித் தொலைத்துவிட்டு ‘கருவி குளோரினைக் காட்டவில்லை’ என்று வருகிறவர்களும் உண்டு. ஆகவே கழுவாத பாதியை எப்போதும் பத்திரப்படுத்துங்கள்.

சோடியம் மட்டும், குளோரின் இல்லை. சோப்பு, சலவைப் பொடி, சில கண்ணாடிகள். கழுவிய நீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் கால்சியமும் (347) மக்னீசியமும் கூடவே வந்திருக்கும்.

ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் இங்கே நில்லுங்கள். இந்தப் பொறியில் நானும் விழுந்திருக்கிறேன். துத்தநாகம் உலோகமாக இருந்தாலும் ஆக்சைடாக இருந்தாலும் துத்தநாகம் 2பி முகடு 1022 அருகிலேயே நிற்கும். அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் எல்லோரும் ஓஜே முகட்டைப் பார்ப்பார்கள். முதல் எலக்ட்ரான் போன பிறகு அதே அணுவிலிருந்து இரண்டாவதாக வெளிவரும் எலக்ட்ரானின் முகடு அது; அதன் ஆற்றல் எக்ஸ் கதிரைப் பொறுத்து மாறாது. பிணைப்பு ஆற்றல் அளவில் உலோகத் துத்தநாகத்துக்கு அது 494.5 பக்கமும், ஆக்சைடுக்கு 498 முதல் 499 பக்கமும் வரும். கெட்ட நேரம், சோடியத்தின் ஓஜே முகடும் 497 பக்கம்தான் வரும். வாலிநோக்கம் உப்பளத்துக்கு அருகில் தொங்கவிட்ட வேலித் தகடு ஒன்றில் ‘முழுவதும் ஆக்சைடு’ என்று நான் எழுதிக் கொடுத்தது பாதிக்கு மேல் சோடியம். சோடியம் 1எஸ் முகட்டைத் திரும்பிப் பார்க்காமல் விட்டதன் பலன் அது.

மக்னீசிய ஆனோடுக்கு மாறினால் பிரிந்துவிடும் என்று ஒருவர் சொல்வார். பிரியாது. இரண்டுமே ஓஜே முகடுகள் என்பதால் இரண்டும் ஒன்றாகவே நகரும். செய்ய வேண்டியது இதுதான்: அதே அமைப்பில் சுத்தமான உப்புத் தூளை அளந்து, சோடியம் 1எஸ் முகட்டுக்கும் ஓஜே முகட்டுக்கும் உள்ள விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியின் சோடியம் 1எஸ் அளவை வைத்து அந்தப் பங்கைக் கழித்துவிடுங்கள். அல்லது கழுவிய பாதியில் ஓஜே முகட்டைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

இந்த அறிகுறிக்குக் கருவிப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய தேவை எனக்கு ஒரு முறைகூட வந்ததில்லை.

## அறிகுறி: உலோகமே தெரியவில்லை, கார்பன்தான் மலைபோல் நிற்கிறது

காற்றில் இருந்த எந்தப் பொருளின் மேலும் கொஞ்சம் கார்பன் படியும். அது குற்றமில்லை. உலோகத்தின் முகடு தேடித்தான் கிடைக்கிறது என்றால் கூட வரும் துணை முகடுகளைப் பாருங்கள். அழுக்கு தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

நைட்ரஜன் 400, கூடவே சோடியம், குளோரின்: விரல் பட்டிருக்கிறது. ஃபுளோரின் 689: டெஃப்ளான் டேப் அல்லது ஃபுளோரின் கிரீஸ். சிலிக்கான் 102: சிலிகோன். ஜிப் உறையிலிருந்து, இருபக்க டேப்பின் பசையிலிருந்து, கைக்குப் பூசும் கிரீமிலிருந்துகூட அது வரும். மணல் அல்லது கண்ணாடி என்றால் சிலிக்கான் 103.3 முதல் 103.5 வரை நிற்கும். ஒரு வோல்ட்டுக்கும் சற்று அதிகமான அந்த வித்தியாசம் இங்கே மிக முக்கியம். மின்னேற்றத்தை (எலக்ட்ரான் வெளியேறியதால் மாதிரியில் தேங்கி முகடுகளை நகர்த்தும் மின்னூட்டம்) திருத்திய பிறகே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

பாம்பன் பக்கத்து மாதிரிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் (சிலிகோன் இனத்துப் பொருள்) பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்த வகைப் பூச்சை ஆராய்பவர்களுக்கு 102-இல் வரும் சிலிக்கான் அழுக்கா, ஆராய வந்த பொருளா என்று தெரியாது. சாட்சித் துண்டு இல்லாமல் பாலிசிலாக்சேன் மாதிரியை நான் இப்போது வாங்குவதே இல்லை.

ஓர் ஆராய்ச்சி மாணவர் கொண்டுவந்த எஃகுத் துண்டு நினைவிருக்கிறது. சின்ன ஜிப் உறை, அதற்குள் டிஷ்யூ, அதற்குள் துண்டு. உறைமேல் அழகான கையெழுத்தில் எண். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். நிறமாலையில் இரும்பு 710 பக்கம் ஒரு மேடுபோல மங்கலாகத் தெரிய, 102-இல் சிலிக்கான் ஊசிபோல நின்றது. அந்த உறையின் உள்பக்கத்தைத் தங்கத் துண்டில் ஒரு முறை தேய்த்து அளந்தோம். அதே ஊசி. “பத்திரமாகத்தானே அண்ணே வைத்திருந்தேன்” என்றார். உண்மைதான், அந்தப் பத்திரம்தான் கெடுத்தது.

தீர்வு வரிசை: ஐசோபுரோபனாலில் கழுவி உலர்த்துவது; போகாவிட்டால் புற ஊதா–ஓசோன் பெட்டியில் சில நிமிடம்; அதற்கும் மசியாவிட்டால் குறைந்த ஆற்றலில் ஆர்கான் அயனியால் லேசாகச் சுரண்டுவது. கடைசி வழியில் ஆபத்து இருக்கிறது. ஆர்கான் தாமிர ஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் டைட்டானியம் ஆக்சைடையும் ஒடுக்கிவிடும். ஆக்சிஜனேற்ற நிலையைத் தெரிந்துகொள்வதற்காகவே வந்த மாதிரி என்றால் ஆர்கான் பொத்தானைத் தொடாதீர்கள்; ஓசோனும் அங்கே வேண்டாம். புதிய துண்டை வெட்டுங்கள்.

கழுவியும் எல்லா மாதிரிகளிலும் கார்பன் ஏறுகிறது. இப்போதுதான் கருவி மேல் சந்தேகம். சுரண்டிச் சுத்தம் செய்த தங்கத்தை அறைக்குள் வைத்து உடனே ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை அளங்கள். இரவில் கார்பன் கணிசமாக ஏறியிருந்தால் அறையே அழுக்கு. முதலில் அறையைச் சூடேற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏறினால் பம்ப் எண்ணெய் பின்வாங்கி உள்ளே வருகிறதா என்று பார்க்கப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: முகடுகள் நகர்ந்திருக்கின்றன, அகன்றிருக்கின்றன, இரண்டாகப் பிளந்திருக்கின்றன

முதல் சோதனை. எலக்ட்ரான் துப்பாக்கியின் (மாதிரி இழந்த எலக்ட்ரானை ஈடுகட்டத் தெளிக்கும் பகுதி) மின்னோட்டத்தைச் சற்று மாற்றி மறுபடி அளங்கள். முகடு நகர்ந்தால் அது மின்னேற்றம். நகராமல் நின்றால் வேதியியல். வாதம் செய்து நேரத்தை வீணாக்காமல் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மின்கடத்தாப் பொருள்: சங்கு, சிப்பி, பூச்சு, உப்பு. கீழக்கரை சங்குத் துண்டை எலக்ட்ரான் துப்பாக்கி இல்லாமல் அளந்தால் எல்லா முகடுகளும் பல வோல்ட் மேலே போய் நிற்கும். துப்பாக்கியை அதிகமாக வைத்தால் கீழே இறங்கிவிடும். இரண்டிலும் முகடு ஒல்லியாக இருந்தால் கவலை இல்லை, கார்பனை 284.8-க்குக் கொண்டுவந்து மற்றவற்றையும் அதே அளவு நகர்த்தலாம். அந்த 284.8 ஓர் ஊன்றுகோல்தான். படிந்த கார்பன் எல்லாப் பரப்பிலும் ஒரே இடத்தில் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சங்குக்கு இன்னொரு வழி உண்டு: கார்பனேட்டின் கார்பனுக்கும் (290 அருகில்) கால்சியம் 2பி முகட்டுக்கும் (347 அருகில்) இடையே உள்ள தூரம் 57 முதல் 58 வரை. எவ்வளவு மின்னேறினாலும் அந்தத் தூரம் மாறாது. அது சரியாக இருந்தால் நீங்கள் பார்ப்பது கார்பனேட்தான்.

துருவேறிய எஃகு. இது வேறு நோய். துருத் திட்டுகள் மின்னேறும், இடையில் தெரியும் உலோகம் தரையோடு இணைந்திருக்கும். ஒரே ஆக்சிஜன் முகடு இரண்டாகப் பிளந்து நிற்க, அதைப் பார்த்து ‘இரண்டு வகை ஆக்சைடு’ என்று கட்டுரையே எழுதிவிடுவார்கள். தகட்டின் அடியில் மின்கடத்தா டேப் ஒட்டி, முழுத் தகட்டையும் தரையிலிருந்து பிரித்து மிதக்க விடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே அளவு நகரும். பிளவு மறைந்துவிட்டால் அது வெறும் மின்னேற்றம். பாதி தரை, பாதி மிதப்பு என்று விடுவதுதான் மோசம். துருவை ஒட்டும் கார்பன் டேப் நன்றாக அழுந்தாமல் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். முதலில் அதைப் பாருங்கள்.

சுத்தமான உலோகமே நகர்ந்திருக்கிறது. தங்கம் 84.0, வெள்ளி 368.2, தாமிரம் 932.6. மூன்றும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் மென்பொருளில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். கையேட்டைப் பார்த்து நீங்களே செய்யலாம். தங்கத்தில் கொஞ்சம், தாமிரத்தில் நிறைய என்று விலகினால் அளவுகோலே நீண்டிருக்கிறது அல்லது சுருங்கியிருக்கிறது. அதைப் பொறியாளர் திருத்தட்டும். ஐஎஸ்ஓ 15472 என்ற தரநிலையில் அதற்கான முறை இருக்கிறது. வந்தவர் அதன்படி செய்தாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

## அறிகுறி: இருக்கக் கூடாத இடத்தில் ஒரு முகடு

பாக் நீரிணைப் பக்கம் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியைக் கரியாக்கி மின்தேக்கிக்குப் பயன்படுத்தப் பலர் முயல்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கார்பன் முகட்டுக்கு வலப்பக்கம், இடப்பக்கம் என்று தேடி, 293-இல் நிற்கும் ஒன்றைக் கிராஃபைட்டின் துணை முகடு என்று குறித்துவிடுகிறார்கள். அந்தத் துணை முகடு 291 அருகில் அகலமாக, சோம்பலாக வரும். 293-இலும் 295.8-இலும் இரட்டையாக, இரண்டுக்கு ஒன்று என்ற பரப்பளவில் வருவது பொட்டாசியம். அந்தப் பாசியில் பொட்டாசியம் மிகுதி என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். நிறமாலையைப் படிக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது. அமிலத்தில் கழுவி மறுபடி அளந்தால் இரட்டை குறைந்துவிடும்.

ஒற்றை நிறமாக்கி (ஒரே ஆற்றலுள்ள கதிரை மட்டும் விடும் படிகம்) இல்லாத, அலுமினியமும் மக்னீசியமும் அடுத்தடுத்து உள்ள பழைய இரட்டை ஆனோடு கருவியா? ஒவ்வொரு பெரிய முகட்டிலிருந்தும் 9.8 வோல்ட் கீழே ஒரு குட்டி முகடு வரும். அது இயல்பு. 233 வோல்ட் மேலே ஒரு பேய் (பொய் முகடு) வந்தால் பக்கத்து மக்னீசிய ஆனோடிலிருந்து கசிவு. கார்பனின் பேய் 518-இல் நின்று வனேடியம்போல் தெரியும். 764 அருகில் ஆக்சிஜனின் பேயும் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை வெளிவரும். 557 வோல்ட் மேலே வந்தால் ஆனோடின் அலுமினியப் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள தாமிரம் எட்டிப் பார்க்கிறது என்று பொருள். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது, பொறியாளர்தான்.

## அறிகுறி: முதல் ஓட்டமும் கடைசி ஓட்டமும் ஒத்துப்போகவில்லை

விசைப்படகின் அடிப்பகுதிக்குப் பூசும் தாமிரப் பூச்சுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு இணைதிறன் கொண்ட தாமிரத்துக்கு 940 முதல் 945 வரை தெளிவான துணை முகடுகள் இருக்கும். எக்ஸ் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் அது ஒடுங்கி, துணை முகடு தேய்ந்துகொண்டே போகும். கருவி நகர்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், மாதிரிதான் மாறுகிறது.

சர்வே ஓட்டத்துக்கு (எல்லாத் தனிமங்களையும் தேடும் அகலமான அளவீடு) முன்பே தாமிரம் 2பி பகுதியைச் சுருக்கமாக அளந்துகொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி அளந்து ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். மாறியிருந்தால் சக்தியைக் குறைத்து, புதிய இடத்துக்கு நகர்ந்து மறுபடி எடுங்கள். இதற்குப் பொறியாளர் தேவையில்லை, பொறுமை போதும். பிவிசி போன்ற குளோரின் பிளாஸ்டிக்குகளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

## அறிகுறி: வெற்றிடம் இறங்க மறுக்கிறது

பாசித்தூள், துளை நிறைந்த கரி, ஈர உப்பு, சிமெண்ட் துண்டு: இவை நுழைவறையில் (மாதிரியை முதலில் வைத்துக் காற்றை உறிஞ்சும் சிறிய அறை) இருந்தால் பம்பைக் குறைசொல்லாதீர்கள். மாதிரியை வெளியே எடுத்துவிட்டு வெற்றுத் தாங்கியை வைத்து இறக்கிப் பாருங்கள். இறங்கினால் மாதிரிதான் காரணம். அதை முதல் நாள் இரவு தனி வெற்றிட அடுப்பில் உலர்த்திவிட்டு, தூளின் அளவைச் சிட்டிகையாகக் குறைத்து மறுபடி வையுங்கள். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் அடுப்பிலிருந்து எடுத்துக் கருவிக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே பாசி ஈரத்தை மறுபடி குடித்துவிடும். டெசிகேட்டரோடு நடந்து போக வேண்டும்.

வெற்றுத் தாங்கியிலும் இறங்கவில்லை. நுழைவறைக் கதவின் ரப்பர் வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முடி, ஒரு மணல் துகள் போதும். பஞ்சு இழை உதிராத துணியால் துடையுங்கள். அடுத்து சுழல் பம்பின் எண்ணெய்: பால் கலந்த காபிபோல் தெரிந்தால் நீர் ஏறியிருக்கிறது. கேஸ் பாலஸ்ட் திருகைத் திறந்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள்.

நுழைவறை சரி, பெரிய அறை 10⁻⁹ மில்லிபார் பக்கமே போகவில்லை. எச்ச வாயுப் பகுப்பி (மிச்சமிருக்கும் வாயுக்களை நிறை எண்ணால் காட்டுவது) இருந்தால் பாருங்கள். நிறை எண் 18 உயர்ந்திருந்தால் நீர், சூடேற்றினால் போய்விடும். 28-உம் 32-உம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற அளவில் நின்று 40-உம் தலைகாட்டினால் காற்றுக் கசிவு. ஹீலியத்தை விளிம்புகளில் மெல்ல ஊதி 4 துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளிய விளிம்பின் திருகுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கலாம். அதற்கு மேல், செப்பு வளையம் மாற்றுவதும் டர்போ பம்பில் வழக்கமில்லாத சத்தம் கேட்பதும் பொறியாளரின் வேலை. சத்தம் கேட்ட டர்போ பம்பை ‘நாளை பார்க்கலாம்’ என்று ஓடவிடாதீர்கள், அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எக்ஸ் கதிர் எரிவதில்லை, அல்லது எரிந்து அணைகிறது

பெரும்பாலும் நீரோட்டம்தான். சில்லரின் (ஆனோடுக்குக் குளிர்ந்த நீரை ஓட்டும் இயந்திரம்) நீர்மட்டம், வடிகட்டி, ஓட்டத்தின் அளவு, நீரின் கடத்துதிறன் என்ற வரிசையில் பார்த்துவிடுங்கள். வடிகட்டி பச்சையாக இருந்தால் மாற்றுங்கள். கடத்துதிறன் ஏறியிருந்தால் நீரை மாற்றுங்கள். கேனில் வாங்கும் குடிநீரை ஊற்றாதீர்கள்.

கடற்கரைக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்கால இரவு மின்சாரம் போனது. கருவியும் சில்லரும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. குளிர்சாதனம் யுபிஎஸ்ஸில் இல்லை. காலையில் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிச் சன்னல் வேர்த்திருந்தது. மின்சாரம் வந்து, உயர் மின்னழுத்தத்தை ஏற்றியதும் உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், திரையில் சிவப்பு எழுத்து. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரிக்குக் கீழுள்ள எதன் மேலும் நீராகப் படியும். 20 டிகிரி நீர் ஓடும் எக்ஸ் கதிர்த் தலை அந்த இரவு முழுவதும் குளிர்பானப் பாட்டில்போல வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஈரத்தின் மேல் பல ஆயிரம் வோல்ட்டை ஏற்றியது நான்.

அன்றிலிருந்து விதி: குளிர்சாதனம் நின்றால் சில்லரும் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே ரிலேயில் இணைத்துவிடுங்கள். மின்பணியாளர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். மின்தடைக்குப் பிறகு அறை உலர்ந்து, ஈரமானி 50 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை உயர் மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள்.

‘டப்’ சத்தம் ஏற்கெனவே கேட்டுவிட்டதா? நிறுத்துங்கள். மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். உயர் மின்னழுத்தக் கேபிளை நீங்கள் கழற்றாதீர்கள், மின்சாரம் அணைந்திருந்தாலும் கழற்றாதீர்கள். பொறியாளர் வரும் வரை கருவி பூட்டியே இருக்கட்டும்.

## அறிகுறி: எல்லாம் சரி, எண்ணிக்கை மட்டும் குறைவு

மாதிரியின் உயரத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். துரு மேடுபள்ளமாக இருப்பதால் குவியம் தப்பும். அடுத்து வெள்ளித் தாளை வைத்து நோட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வெள்ளி பழையபடி இருந்தால் மாதிரிதான் காரணம், வேறு பேச்சில்லை. வெள்ளியும் குறைந்து, முகட்டின் அகலம் மாறவில்லை என்றால் ஆனோடு தேய்வு, ஃபிலமென்ட், கண்டறிவியின் வயது ஆகியவற்றில் ஒன்று. கண்டறிவியின் மின்னழுத்தத்தைக் கையேடு சொல்லும் எல்லைக்குள் ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். அகலமும் மாறியிருந்தால் படிகமோ பகுப்பியோ இடம் மாறியிருக்கலாம். கை வைக்க வேண்டாம்.

## பொறியாளரைக் கூப்பிடும்போது

இந்தக் கருவியைச் செய்பவர்கள் உலகிலேயே சிலர்தான்: டெர்மோ ஃபிஷர், ஷிமாட்சு குழுமத்தின் கிராட்டோஸ், அல்வாக்-ஃபை, ஸ்பெக்ஸ், சியென்டா ஓமிக்ரான் போன்றவர்கள். விலை கோடிகளில். ஆனோடு, ஃபிலமென்ட், கண்டறிவி எல்லாம் கடல் கடந்து வர வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரி பாகங்கள் அடங்குமா, வேலைக்கூலி மட்டும்தானா என்று கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். நம் ஊர் ஈரத்தில் உதிரி அடங்காத ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம். கரையில் பூச்சு விற்பவரோ, பாசிக்கரி செய்பவரோ கருவி வாங்க நினைக்கவே வேண்டாம். மணிநேரத்தை வாங்குங்கள். 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் நாடு முழுவதும் உள்ள ஆய்வுக் கருவிகளைத் தேடிப் பதிவு செய்யலாம். அரிப்பு பற்றிய கேள்வி என்றால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நேரம் வாங்கும்போது கட்டணம் மாதிரிக்கா, மணிக்கா என்று கேளுங்கள். துளை நிறைந்த கரி வெற்றிடம் இறங்கவே பாதி நாள் எடுக்கும். மணிக்கணக்கு என்றால் அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். எலக்ட்ரான் துப்பாக்கி உண்டா, எத்தனை தனிமங்களுக்கு விரிவான ஓட்டம், மூலத் தரவு வாமாஸ் வடிவத்தில் (நிறமாலைக்கான பொதுக் கோப்பு வகை) கிடைக்குமா என்பதையும் கேட்டு வையுங்கள். படமாக மட்டும் கிடைத்த நிறமாலையை யாராலும் மறுபடி திருத்திப் படிக்க முடியாது.

உங்கள் பொறுப்பில் உள்ள கருவிக்குப் பொறியாளர் வருகிறார் என்றால் அவர் கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள்: வெள்ளி நோட்டின் கடைசி ஆறு மாதப் பக்கங்களின் புகைப்படம், அழுத்தப் பதிவு, சில்லர் வெப்பநிலை, அறை ஈரப்பதம், திரையில் வந்த பிழைச் செய்தியின் படம், கடைசியாக அறைக்குள் வைத்த மாதிரி எது என்ற விவரம். ‘சரியாக வரவில்லை’ என்று மட்டும் சொல்லி வரவழைத்தால் வெள்ளித் தாளைத் தேடி ஒட்டி அளப்பதிலேயே அவருடைய முதல் நாள் போய்விடும். அந்த நாளுக்கும் பில் வரும்.